வலிக்காத பல்லை எதற்கு அடைக்க வேண்டும்?

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 41. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். இடது பக்கம் கீழ்க் கடவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி விழுந்திருக்கிறது. சோற்றுப் பருக்கை மாட்டிக்கொள்ளும்; ஈர்க்குச்சியால் எடுத்துவிடுவேன். பானைத் தண்ணீர் குடித்தால் சுருக்கென்று கூசும், உடனே போய்விடும். மற்றபடி வலியே இல்லை. கும்பகோணத்தில் காட்டியபோது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்போதே அடைத்துவிடலாம், வேர் சிகிச்சை தேவைப்படாது" என்றார்கள். வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் மாமியாருக்கு அடைத்தது ஒரே வருஷத்தில் பெயர்ந்து, கடைசியில் பல்லையே பிடுங்க வேண்டியதாயிற்று. அடைத்தால் பூச்சி உள்ளேயே இருந்துகொண்டு பக்கத்துப் பல்லைத் தின்னும் என்கிறார். "வலிச்சா பிடுங்கிப் போட்டுட்டு வா" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கே ஒரு பல்லில் வெள்ளி அடைப்பு இருக்கிறது! இப்போது சம்பா களையெடுப்பு. தை அறுவடை முடிந்து போகலாமா? அடைக்கும்போது வலிக்குமா? வெள்ளை நல்லதா, வெள்ளி நல்லதா?

பதில்: தைக்குக் காத்திருக்க வேண்டாம். களையெடுப்புக்கு நடுவில் ஒரு காலை நேரத்தை ஒதுக்கிப் போய்வாருங்கள். உங்களுக்குச் சொல்லியிருக்கும் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மத்தியானம் வீட்டில் சமைக்கலாம், சாயங்காலம் வயலுக்கும் போகலாம். இரண்டு மாதத்தில் பல் வெடித்துவிடும் என்று பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. சொத்தை சிலருக்கு வருஷக்கணக்கில் நகராமல் கிடக்கும், சிலருக்கு ஒரே பருவத்தில் நரம்பைத் தொட்டுவிடும். உங்கள் பல் இதில் எந்த ரகம் என்று யாராலும் தேதி குறித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இப்போதே என்கிறேன்.

வலி இல்லையே என்பதுதான் உங்கள் வீட்டில் எல்லோருடைய வாதமும். பல்லின் மேலே பளபளவென்று இருக்கிறதே, அந்த எனாமலுக்கு நரம்பு கிடையாது. அதில் சொத்தை எவ்வளவு அரித்தாலும் நமக்கு ஒன்றும் தெரியாது. எனாமலுக்கு அடியில் டென்டின் என்று மஞ்சளான ஓர் அடுக்கு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள் நடுவிலிருக்கும் நரம்பு வரை ஓடுகின்றன. பானைத் தண்ணீர் பட்டதும் அந்தக் குழாய்களில் உள்ள நீர் அசைகிறது, நரம்பு சுருக்கென்கிறது. ஆக, உங்களுக்குக் கூச்சம் வந்துவிட்டது என்றால் குழி எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். டென்டின் எனாமலைவிட மெத்தென்று இருப்பதால் அங்கே சொத்தை பக்கவாட்டிலும் பரவும். வரப்பில் எலி வளை பார்த்திருப்பீர்கள்: வெளியே கட்டைவிரல் நுழையும் அளவு வாய், உள்ளே தோண்டினால் முழங்கை போகும். பல்லிலும் அப்படித்தான். கண்ணாடியில் கடுகளவு தெரிகிற குழியை மருத்துவர் திறந்ததும் "இவ்வளவு பெரிசா தோண்டிட்டாங்களே" என்று நோயாளிகள் கோபப்படுவது உண்டு. சொத்தை ஏற்கெனவே தின்றுவிட்ட இடம்தான் அது.

இனி வலியைக் கவனிக்கும் விதம். குளிர்ச்சி பட்டால் மட்டும் கூசி, சில நொடிகளில் அடங்கிவிடுகிறது என்றால் நரம்பு எரிச்சலில் இருக்கிறது, ஆனால் பிழைத்துக்கொள்ளும். சொத்தையைச் சுரண்டி அடைத்துவிட்டால் தானே தேறிவிடும். நீங்கள் இன்று நிற்பது இந்தக் கட்டத்தில்தான்; எக்ஸ்ரே பார்த்தவர் சொன்னதும் அதையே உறுதி செய்கிறது. அடுத்த கட்டத்தில் சூடான காபி பட்டு நிமிஷக்கணக்கில் விண்விண்ணென்று தெறிக்கும். ஒன்றும் சாப்பிடாமலே வலி கிளம்பும். ராத்திரி படுத்தால் கூடும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறையும். அந்தக் கட்டத்தில் அடைத்தால் வலி நிற்காது. வேர் சிகிச்சை செய்து, அதாவது கெட்ட நரம்பை எடுத்துவிட்டு வேருக்குள் அடைத்து, மேலே பல்லை மூடும் உறை போட வேண்டும். அதற்குப் பல தடவை வர வேண்டியிருக்கும், செலவும் பல மடங்கு.

அதற்கும் அடுத்த ஒரு கட்டம் உண்டு. இரண்டு மூன்று நாள் தூங்கவிடாமல் படுத்திய பல் ஒரு நாள் காலையில் கப்சிப் என்று ஆகிவிடும். குளிர்ச்சியும் தெரியாது, சூடும் தெரியாது. கிராம்பு வைத்தேன் சரியாகிவிட்டது, அந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டேன் சரியாகிவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். உள்ளே நரம்பு செத்துப்போயிருக்கும். கொஞ்ச நாள் கழித்து வேர் நுனியில் சீழ் கட்டி, ஈறில் பரு போலக் கிளம்பும், அல்லது கன்னம் வீங்கும். வலி நின்றதை வைத்துப் பல் குணமாகிவிட்டது என்று நம்பியவர்களைத்தான் நான் அதிகம் வேர் சிகிச்சை நாற்காலியில் பார்க்கிறேன். அடைப்பு பயன்படும் காலம் பெரிய வலி வருவதற்கு முன்னாலேயே வந்து, சத்தமில்லாமல் போய்விடும்.

சரி, மாமியார் சொல்லும் பூச்சிக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல முடியாது. பல்லைப் புழு தின்கிறது என்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான வருஷம் நம்பியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிப்பார்கள். ஐரோப்பாவில் குரோசாணி ஓமத்தின் விதையைப் புகைத்தார்கள். புகைக்குப் பிறகு தண்ணீரில் வெள்ளையாக நெளிநெளியாகச் சிலது மிதக்கும், "பார், பூச்சி விழுந்துடுச்சு" என்று காட்டுவார்கள். அங்கே விழுந்தது சூட்டில் வெடித்த விதையின் உள்ளே சுருண்டிருந்த முளைக்கரு. உண்மையில் நடப்பதை 1890-இல் மில்லர் என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர் பெர்லினில் ஆராய்ந்து எழுதினார்: வாயில் இருக்கும் கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பூச்சி என்று சொல்வதானால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடைத்ததும் அது சுரங்கம் தோண்டிப் பக்கத்துப் பல்லுக்குப் போகாது. மருத்துவர் மெத்தென்று அழுகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுவார். நரம்புக்கு மிக அருகில் கொஞ்சம் விட்டுவைத்தாலும், மேலே இறுக்கமாக மூடினால் அங்கே மிஞ்சிய கிருமிக்குத் தீனி கிடைக்காது, சொத்தை நின்றுவிடும். பக்கத்துப் பல் கெடுவதற்குக் காரணம் வேறு. அடைக்காத குழியில் மாட்டிக்கொண்டு கிடக்கிறதே உங்கள் சோற்றுப் பருக்கை, அது இரண்டு பல்லுக்கும் நடுவில் உட்கார்ந்து அடுத்ததையும் அரிக்கும்.

அடைக்கும்போது வலிக்குமா என்றால், குழி ஆழமில்லை என்றால் ஊசிகூடத் தேவைப்படாது. உங்கள் பல்லில் கூச்சம் இருப்பதால் மரத்துப்போக ஊசி போடச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். கீழ்க் கடவாய்க்குப் போடுகிற ஊசி பாதி உதட்டையும் பாதி நாக்கையும் இரண்டு மூன்று மணி நேரம் மரக்கவைக்கும். அது தெளியும் வரை சூடாக எதுவும் குடிக்காதீர்கள், கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் பாருங்கள்; கடித்தது அப்போது தெரியாது, சாயங்காலம்தான் தெரியும். அப்புறம் நடப்பது: சுழலும் சிறு கருவியால் சொத்தையை எடுப்பார்கள், தண்ணீர் பீய்ச்சும், சத்தம் வரும். பலருக்கு அந்தச் சத்தம்தான் பயம். இடையில் கை தூக்கினால் நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த குழியை உலர்த்தி, எச்சில் வராமல் பஞ்சு வைத்தோ ரப்பர் விரிப்பு போட்டோ அடைப்பார்கள். எச்சில் பட்டால் அடைப்பு ஒட்டாது. "வாயை இன்னும் கொஞ்சம் திறங்க" என்று அவர் நச்சரிப்பது அதற்காகத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் நீல நிறத்தாள் ஒன்றைக் கடிக்கச் சொல்வார்கள். அடைப்பு எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே நிறம் ஒட்டும், அதைத் தேய்த்துச் சரி செய்வார்கள். இந்த இடத்தில் மட்டும் அவசரப்பட்டு "சரியா இருக்கு" என்று எழுந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் கடித்தால் அந்தப் பல் மட்டும் முதலில் படுகிறது, வலிக்கிறது என்றால் மறுநாளே போய்ச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. சகித்துக்கொண்டு இருந்தால் நல்ல பல்லும் நோக ஆரம்பித்துவிடும். லேசான கூச்சம் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் இருப்பது வழக்கம்தான். நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெள்ளையா வெள்ளியா என்று கேட்டீர்கள். வெள்ளையிலேயே இரண்டு இருப்பது பலருக்குத் தெரியாது, விலை வித்தியாசமும் அதனால்தான். கிளாஸ் அயனோமர் என்கிற சிமெண்ட் ஒன்று: விலை குறைவு, பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், பல்லை உறுதிப்படுத்தும் ஃபுளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். ஆனால் பலமாக மென்று அரைக்கிற இடத்தில் சீக்கிரம் தேயும். பால் பல்லுக்கும், ஈறு ஓரத்துப் பள்ளத்துக்கும் அருமையானது. இன்னொன்று காம்போசிட்: பல் நிறத்தில் பசை மாதிரி இருக்கும், ஒவ்வொரு அடுக்காக வைத்து நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பார்கள். உடனே கெட்டியாகிவிடும், மரத்த உணர்வு போனதும் அன்றே சாப்பிடலாம். கடவாய்ப் பல்லுக்கு உங்கள் வயதில் நான் இதையே சொல்வேன், குழியை ஈரமில்லாமல் வைக்க முடிகிற பட்சத்தில். வெள்ளி என்று நாம் சொல்வது அமால்கம். அதில் ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, தகரம், செம்பு. நன்றாக உழைக்கும், பத்துப் பதினைந்து வருஷம் தாங்கியதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஆனால் பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்வதைத் தடுக்க 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை வந்ததிலிருந்து உலகம் முழுவதும் இதைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டுத் தன் பல்லைத் தோண்டச் சொல்லி ஓட வேண்டாம். ஓரம் இடைவெளி விடாமல், உடையாமல் இருக்கிற பழைய வெள்ளி அடைப்பை அப்படியே விட்டுவைப்பதுதான் நல்லது.

உங்கள் குழி பல்லின் மேலே இருக்கிறதா, இரண்டு பல்லின் இடுக்கில் இருக்கிறதா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. பருக்கை மாட்டுகிறது என்பதால் இடுக்காக இருக்கலாம். அப்படியானால் அடைத்து முடித்ததும் நூல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நூல் கொஞ்சம் இறுக்கமாக, டக்கென்று இறங்க வேண்டும். தொளதொளவென்று போனால் சாப்பாடு மறுபடி அங்கேதான் மாட்டும்.

மாமியாரின் அடைப்பு ஏன் பெயர்ந்தது? பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற கதை ஒன்று இருக்கிறது. ஆழமான சொத்தையோடு வருகிறவருக்கு முதல் நாள் தற்காலிகமாக ஒரு மருந்து வைத்து மூடுவோம். துத்தநாக ஆக்சைடும் கிராம்பு எண்ணெயின் சத்தும் கலந்தது, வாசனையே காட்டிக்கொடுக்கும். நரம்பை அமைதிப்படுத்திப் பார்க்கத்தான் அது. சில வாரம் கழித்து வாருங்கள், நிரந்தரமாக அடைக்கலாம் என்று சொல்லி அனுப்புவோம். வலி போய்விடும். நடவு வரும், கல்யாணம் வரும், திருவிழா வரும். அந்த மெத்தென்ற மருந்தோடு ஒரு வருஷம் முறுக்கும் சீடையும் கடித்தால் அது பெயராமல் என்ன செய்யும்? அப்புறம் "அடைச்சது நிக்கலை" என்று ஊரில் பேர் ஆகிவிடும். உங்களுக்கு வைப்பது தற்காலிகமா நிரந்தரமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தற்காலிகம் என்றால் அடுத்த தேதியை அங்கேயே குறித்துவிட்டுக் கிளம்புங்கள். இதைத் தவிர, பல்லின் சுவர் பாதிக்கு மேல் போய்விட்ட இடத்தில் உறை போட வேண்டியதை அடைத்துச் சமாளிப்பதும் உண்டு. அடைப்பின் ஓரத்தில் புதுச் சொத்தை பிடிப்பதும் உண்டு. சாப்பாட்டுப் பழக்கமும் துலக்குவதும் மாறாவிட்டால் எந்த மருத்துவர் அடைத்தாலும் அது நடக்கும். எந்த அடைப்பும் ஆயுளுக்கும் நிற்காது. காம்போசிட் ஏழெட்டு வருஷம் நின்றால் நல்ல உழைப்பு, கவனமாக வைத்திருந்தால் அதற்கு மேலும் வரும்.

பிடுங்குவதைப் பற்றி. பிடுங்குவது மலிவு, ஒரே நாளில் முடியும்; உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் அவ்வளவு தூரம் உண்மை. ஆனால் கடவாயில் ஓர் இடம் காலியானால் பின்னால் இருக்கும் பல் முன்னே சாயும், மேலே எதிரில் இருக்கும் பல் கடிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கும். நீங்கள் வலது பக்கமாகவே மெல்ல ஆரம்பிப்பீர்கள், அந்தப் பக்கம் தேயும். பிறகு பக்கத்துப் பற்களைப் பிடித்துப் பாலம் கட்டவோ, தாடை எலும்பில் திருகு பதித்து இம்ப்ளான்ட் வைக்கவோ போனால் இன்று அடைக்கிற செலவைப் போல எத்தனையோ மடங்கு ஆகும். காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். உங்களுடையது அடைத்தால் போதும் என்று சொல்லப்பட்ட பல். தனியாரில் செலவு கைமீறும் என்று தோன்றினால் கும்பகோணம் அரசு மருத்துவமனையிலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்பதைவிட எத்தனை தடவை என்பதைத்தான் பல் கணக்கு வைக்கிறது. இனிப்பு உள்ளே போன சில நிமிஷங்களில் பல்லின் மேல் படிந்த அழுக்கில் அமிலம் ஏறி, பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) 5.5-க்குக் கீழே போகும்போது எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணிக்கு மேல்கூட ஆகும். விடிகாலையில் ஒரு காபி, வயலில் பத்து மணிக்கு ஒரு டீ, பதினொன்றரைக்கு ஒன்று, மூன்று மணிக்கு, ஐந்து மணிக்கு, கடைத்தெருவுக்குப் போனால் மரியாதைக்கு ஒன்று. பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு காபியை விடச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை; காலையும் மாலையும் சர்க்கரையோடு குடியுங்கள், நடுவில் வருவதைச் சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், அல்லது மோராக மாற்றிக்கொள்ளுங்கள். அதிரசத்தைச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள், சம்படத்தைத் திறந்து திறந்து கிள்ளாதீர்கள். செங்கல் தூள், சாம்பல், கரித்தூள் போட்டுத் தேய்த்தால் பல் பளிச்சென்று தெரிவது எனாமல் தேய்வதால்தான். பேஸ்ட் டப்பாவில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம். அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராத்திரி படுக்கும் முன் துலக்குவது காலையில் துலக்குவதைவிட முக்கியம், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுவதால். துலக்கியபின் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்து ஃபுளோரைடையும் சேர்த்துக் கழுவ வேண்டாம். வெற்றிலை போடுகிற பழக்கம் இருந்தால் கொட்டைப் பாக்கைக் கடிப்பதை விட்டுவிடுங்கள், அடைத்த பல் விரிசல் விடுவதற்கு அதைவிடச் சுருக்குவழி இல்லை. பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் என்பதால், மொத்தமாக விட்டால் இன்னும் நல்லது.

போகிற நாள் வரைக்கும் குழியை ஈர்க்குச்சியால் நோண்டாதீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளியுங்கள். நடுவில் வலி கிளம்பினால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். பஞ்சில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் தொட்டுக் குழிக்குள் மட்டும் வைக்கலாம். ஈறில் பட்டால் புண்ணாகும். மாத்திரையைப் பொடித்துப் பல்லோரம் வைப்பதும் அப்படியே. மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதால் சொத்தை ஆறாது. கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் மட்டும் அது வேறு விஷயம். அன்றைக்கு அறுவடையே நடந்தாலும் போட்டது போட்டபடி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

போகும்போது எடுத்த எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்துக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அட்டையோடு காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி போட்டு முன்பு எப்போதாவது மயக்கமோ தடிப்போ வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, இட்லி சாப்பிட்டுவிட்டே போங்கள்.